ஒரே தட்டில் இரு நிறத் தங்கம்

ஐரோப்பியப் பிரபுக் குடும்பத்தின் குலச்சின்னம் தீட்டிய பழைய சீனத் தட்டு ஒன்றின் படத்தை அனுப்பி, "சீனப் பீங்கான் என்றால் நீலம்தானே, இதில் ரோஜா நிறம் எப்படி வந்தது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து, ஹாலந்துக் குடும்பங்கள் தங்கள் சின்னத்தை வரைந்து கப்பலில் கொடுத்தனுப்பும். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஜென் சூளைகளில் வெந்த வெள்ளைத் தட்டுகளில், காண்டன் துறைமுக நகரத்துப் பட்டறை ஓவியர்கள் அதைப் பார்த்துத் தீட்டுவார்கள்.

பீங்கான் வேக ஏறக்குறைய 1,300 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டுக்குக் கலங்காதது கோபால்ட் நீலம்; மற்ற நிறங்களில் பெரும்பாலானவை கெட்டுவிடும். அதனால் வெந்து பளபளப்பேறிய தட்டின்மேல் அவற்றைத் தீட்டி, 700 முதல் 800 டிகிரியில் மறுபடி சுட்டார்கள். எனாமல் எனப்படும் அந்த வண்ணங்கள் ஈயம் சேர்ந்த கண்ணாடித் தூள். குறைந்த சூட்டிலேயே இளகி ஒட்டிக்கொள்ளும். செங்காவி நிறம் இரும்பாலும், பச்சை செம்பாலும் வருபவை.

1720களில் பரவிய ரோஜா நிறத்தைத் தருவதோ தங்கம்! சின்னத்தில் சிங்கத்தின் பிடரி மின்னுவதும் தங்கம், ஓரத்துப் பூவிதழ் சிவப்பதும் தங்கம். வேறுபாடு துகளின் அளவில்தான். ரோஜா வண்ணத்தின் கண்ணாடிக்குள் தங்கம் நானோமீட்டர் அளவுத் துகள்களாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒளி பட்டதும் அத்துகளின் எலக்ட்ரான்கள் எல்லாம் கூட்டாக, ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடுகின்றன. தள்ளும் வேகம் ஊஞ்சலின் தாளத்தோடு பொருந்தினால்தானே ஆட்டம் பெருகும்? இங்கே பொருந்துவது பச்சை ஒளி. அதைத் துகள் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் நம் கண்ணுக்கு வந்துசேர்கிறது. அதோடு வெள்ளை எனாமலைக் கலந்தால் இளஞ்சிவப்பு.

தங்கத்தால் சிவக்கும் கண்ணாடியையும் நிறமியையும் ஆராய்ந்த ரிச்சர்ட் சிக்மாண்டிக்கு 1925ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கர்ப்பப் பரிசோதனைப் பட்டை பலவற்றில் தெரியும் சிவப்புக் கோடும் தங்கத் துகள்தான். பழைய பாண்டத்தின் நிறத்தை ஆராயப் பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. இத்தகைய ஆய்வுகளுக்கு நம் பல்கலைக்கழகங்களில் தாராளமாகவே நிதி ஒதுக்கலாம்.

அந்தத் தட்டை நேரில் பார்க்க வாய்த்தால், சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேற்பூச்சாக மெலிதாகப் படிந்த பொன், கை பட்டுப் பட்டு ஆங்காங்கே தேய்ந்திருக்கும். கண்ணாடிக்குள் அடைபட்ட தங்கம் அப்படித் தேயாது. பூவின் சிவப்பு இன்னும் பளிச்சென்றே இருக்கும்.