சுளுக்கு: ஸ்ப்ரெயினுக்குச் சரியான சொல்தானா?

இன்னொரு படி இருப்பதைக் கவனிக்காமல் காலை வைத்தால் பாதம் உள்பக்கமாக மடங்கும். சில சமயம் மளுக்கென்று சத்தமும் கேட்கும். கால் சுளுக்கிக்கொண்டது என்கிறோம். பிசகிவிட்டது, பிரண்டுவிட்டது என்பவர்களும் உண்டு. மருத்துவர் சீட்டில் எழுதுவது ‘ஆங்கிள் ஸ்ப்ரெயின்’. அகராதிகள் ஸ்ப்ரெயினுக்கு நேராகச் சுளுக்கு என்றே போடுகின்றன. பெரும்பாலும் சரிதான், ஆனால் இரண்டு சொற்களின் எல்லையும் ஒன்றல்ல.

சுளுக்கு பழைய திராவிடச் சொல். மலையாளத்தில் இது ‘உளுக்கு’. தமிழ் அகராதியிலும் சகரம் இல்லாத அந்த வடிவம் உண்டு. ‘சுலுக்கு’ என்று எழுதுவது பிழை. கணுக்காலில் உள்ள கணு, கரும்பிலும் மூங்கிலிலும் இருக்கும் அதே கணுதான். ஸ்ப்ரெயின் என்ற ஆங்கிலச் சொல், பிழிவதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினை ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள்.

பொருளுக்கு வருவோம். தூங்கி எழுந்ததும் கழுத்து திரும்பாவிட்டால் அதையும் சுளுக்கு என்கிறோம். அங்கே பெரும்பாலும் தசை இறுகியிருக்கும், அவ்வளவுதான். ஸ்ப்ரெயின் என்பதோ, எலும்பை எலும்போடு கட்டும் நார் அளவுக்கு மீறி இழுபடுவது அல்லது கிழிவது. தசையோ, தசையை எலும்போடு சேர்க்கும் நாணோ அப்படி ஆனால் அதற்கு ஸ்ட்ரெயின் என்று பெயர். ஆங்கிலத்தில் ஓரெழுத்து வித்தியாசம். அங்கேயும் பலர் மாற்றிச் சொல்கிறார்கள்.

அந்த நாருக்குத் தமிழில் என்ன பெயர்? லிகமென்ட் என்பதன் லத்தீன் வேர் ‘கட்டு’ என்று பொருள்படும். அதனால் ‘பிணையம்’ நன்றாகவே பொருந்துகிறது, ஆனால் படித்தவுடன் ஜாமீன்தான் நினைவுக்கு வருகிறது. ‘தசைநார்’ புழக்கத்தில் இருந்தாலும் நாணுக்கும் அதையே எழுதிக் குழப்பிவிட்டார்கள். பேச்சு வழக்கில் எல்லாமே நரம்புதான். ‘மூட்டு நார்’ என்பதே எனக்குப் பிடித்தது. ஆக, துல்லியம் வேண்டிய இடத்தில் ‘கணுக்கால் மூட்டு நார்க் காயம்’, மற்ற இடங்களில் ‘கணுக்கால் சுளுக்கு’ போதும்.

சிக்கல் ‘சுளுக்கெடுப்பது’ என்ற வழக்கில் இருக்கிறது. உள்ளே ஏதோ மாட்டிக்கொண்டிருப்பது போலவும், அதை உருவி எடுத்துவிடலாம் என்பது போலவும் அது நினைக்க வைக்கிறது. இறுகிய கழுத்தை மெல்ல நீவினால் இதமாக இருக்கலாம். கிழிந்த நாரில் எடுக்க எதுவும் இல்லை. முதல் இரண்டு மூன்று நாளில் இழுத்து நீவினால் கசிவும் வீக்கமும்தான் கூடும்.

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் மூன்று நார்கள் உண்டு. பாதம் உள்ளே மடங்கும்போது முதலில் அடிபடுவது முன்னால் இருப்பது. வெளிக்கணு எலும்புக்கு முன்னால், சற்றுக் கீழே வீக்கம் புடைப்பது அதனால்தான். நார் வெறுமனே இழுபட்டிருந்தால் ஓரிரு வாரத்தில் நடமாட்டம் சரியாகும். முழுக்க அறுந்திருந்தால் மாதக்கணக்கில் ஆகலாம்.

ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது ஆகிய நான்கையும், அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த ‘ரைஸ்’ என்ற பெயரில் 1978-இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். வலி தாங்க முடியாவிட்டால் துணியில் சுற்றிய ஐஸைப் பதினைந்து இருபது நிமிடம் வைக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் காலை அசைக்காமல் வைத்திருக்கும் பழக்கம் போய்விட்டது. வலி பொறுக்கும் அளவுக்குச் சீக்கிரமே நடக்கச் சொல்கிறார்கள்.

அதற்கு முன் எலும்பு முறிவு இல்லை என்று தெரிய வேண்டும். கனடாவில் 1992-இல் வெளியான ‘ஒட்டாவா விதிகள்’ இதற்கு உதவும். கணு எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ விரலால் அழுத்தினால் வலித்தாலும், அடிபட்ட உடனேயும் மருத்துவரிடம் போனபோதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே தேவை. பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்குப் போகும் நீண்ட எலும்பு பாதத்தின் நடுவில் தொடங்கும் இடத்திலும் இப்படி அழுத்திப் பார்ப்பார்கள்.

அப்புறம், வலி போனதும் பலரும் விட்டுவிடுவது சமநிலைப் பயிற்சியை. பாதம் எப்படி இருக்கிறது என்பதை மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வு முனைகள் மூட்டு நாரிலும் உண்டு. அவையும் அடிபட்டிருப்பதால் அதே கால் மறுபடி எளிதில் மடங்கும். சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பதில் தொடங்கி, பிறகு பிடிக்காமல், கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு என்று சில வாரம் செய்ய வேண்டும்.