வேரியண்ட் அட்டவணையை வண்டியின் அடியிலிருந்து படியுங்கள்

போன மாதப் பயிற்சிக்கு ஒருவர் புத்தம் புது வண்டியோடு வந்தார். அந்த மாடலிலேயே உச்ச வேரியண்ட். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, 20 அங்குல அலாய் சக்கரம். இன்னும் 1,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பாறைகள் கிடந்த ஒரு சின்ன ஏற்றத்தில் மெதுவாகத்தான் ஏறினார். முன் இடது டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டது, ரிம் விளிம்பும் மடங்கிவிட்டது. பின்கதவைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்த்தால், ஒல்லியான தற்காலிகச் சக்கரம். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது. அவருக்கு முன்னால் அதே ஏற்றத்தில் போனவர் அதே மாடலின் கீழ் வேரியண்ட் வைத்திருப்பவர், 17 அங்குல இரும்பு ரிம். அவர் வண்டி ஒரு கீறலும் இல்லாமல் மேலே நின்றுகொண்டிருந்தது.

"டாப் வேரியண்ட்டுன்னா எல்லாத்துலயும் டாப்பா இருக்கும்னுதானே சார் வாங்கினேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கரடுமுரடான தடங்களில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதும், வாங்கப் போகிறவர்களோடு உட்கார்ந்து வேரியண்ட் பட்டியலை அலசுவதும் என் தொழில். அவர் சொன்னதை வேறு பலரிடமும் கேட்டிருக்கிறேன். அவர்கள் மேல் தப்பே இல்லை. சாதாரண காரில் மேல் வேரியண்ட் என்றால் வசதி கூடும், பெரிதாக எதுவும் குறையாது. ஆஃப்ரோடு வண்டியில் மேலே போகப் போக, தடத்தில் உங்களைக் காப்பாற்றும் சில விஷயங்கள் கழன்றுகொள்ளும். சில மாடல்களில் ஒரே ஒரு நடு வேரியண்ட்டில் மட்டும் அவை இருக்கும்.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் சொல்வது: பின்னால் மாட்டிக்கொள்ள முடியாததை இப்போதே வாங்குங்கள். திரை, ஸ்பீக்கர், சீட் கவர், கூடுதல் விளக்கு எல்லாம் அடுத்த வருடம்கூட மாட்டலாம். டயரையும் மாற்றலாம். ஆனால் லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கூடுதல் பல்சக்கரம்), கியர் விகிதம், அச்சின் பருமன், பிரேக் டிஸ்க்கின் அளவு, ஏர்பேக் எல்லாம் தொழிற்சாலையில் போட்டதோடு சரி. ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் டிஃபரென்ஷியல் லாக்கர் வெளியில் கிடைக்கிறது என்பது உண்மைதான். அதற்கு அச்சைத் திறந்து, பல்சக்கரங்களைக் கழற்றி, மில்லிமீட்டரில் சிறு பின்னம்கூடப் பிசகாமல் திரும்பப் பொருத்தும் கை தெரிந்த மெக்கானிக் வேண்டும். வாரண்டி என்னாகும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பட்டியலில் முதலில் தேட வேண்டியது, இந்த வேரியண்ட் உண்மையிலேயே ஃபோர் வீல் டிரைவ்தானா என்பது. இதைச் சொல்லவே தேவையில்லை என்று நினைக்காதீர்கள். மஹிந்திரா தாரில் 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இயங்கும் வடிவம் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஃபோர் வீல் டிரைவ் தாருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நகரத்துக்கு அது நல்ல வண்டி. சேற்றுக்கென்று நினைத்து வாங்கினால்தான் சிக்கல். அடுத்தது லோ ரேஞ்ச். நான்கு சக்கரமும் இயங்கும், ஆனால் லோ ரேஞ்ச் கிடையாது என்ற வண்டிகள் நிறைய. அவற்றில் மண், சேறு, பாறை என்று படம் போட்ட ஒரு வட்டத் திருகு இருக்கும். அந்தத் திருகு ஆக்ஸிலரேட்டரின் கூர்மையையும், கியர் மாறும் நேரத்தையும், சக்கரம் வீணாகச் சுற்றுவதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் எவ்வளவு தலையிட வேண்டும் என்பதையும் மாற்றும். பயனுள்ளதுதான். ஆனால் வண்டியில் இல்லாத பல்சக்கரத்தை அது உண்டாக்காது.

லோ ரேஞ்ச் இருந்தாலும் வேரியண்ட்டுக்கு வேரியண்ட் அதன் விகிதம் மாறலாம். ஜீப் ராங்லரில் இது பளிச்சென்று தெரியும். அதன் ரூபிகான் வேரியண்ட் 2003 மாடலில் வந்தது, கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் உள்ள கடினமான ரூபிகான் தடத்தின் பெயரை வைத்தார்கள். 2018 மாடலாக வந்த ஜேஎல் தலைமுறையின் ஸ்போர்ட் வேரியண்ட்டில் லோ ரேஞ்ச் விகிதம் 2.72, ரூபிகானில் 4. எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் இரண்டிலும் 4.71. வி6 பெட்ரோல் என்ஜினோடு அச்சின் விகிதம் ஸ்போர்ட்டில் 3.45, ரூபிகானில் 4.10. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். ஸ்போர்ட்டுக்கு 44 வரும், ரூபிகானுக்கு 77. சக்கரம் ஒரு சுற்று சுற்ற என்ஜின் அத்தனை சுற்று சுற்றுகிறது என்று அர்த்தம்.

இது தடத்தில் எப்படித் தெரியும்? என்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்றில் ஓடும்போது, கணக்குப்படி ரூபிகான் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் கீழே ஊரும். ஸ்போர்ட் இரண்டரையை நெருங்கும். ஒரு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஈரமான பாறை இறக்கத்தில் அந்த ஒரு கிலோமீட்டர் வேகத்தைப் பிரேக்கால் குறைக்க வேண்டியிருக்கும், பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்று வண்டி வழுக்கும். என்ஜினே பிடித்துக்கொண்டு இறங்கினால் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிடலாம், கவனம் முழுக்க ஸ்டீயரிங்கில் இருக்கும். புதிதாகக் கற்க வருபவர்களின் பயம் கண்ணெதிரே குறைவதை இந்த இடத்தில்தான் பார்க்கிறேன். ஆனால் நீங்கள் போகப்போவது மண்பாதையும் மணலும் மட்டும் என்றால் 44 தாராளம். மணலில் ஊர்வதைவிட ஓட்டத்தை விடாமல் போவதுதான் முக்கியம்.

அப்புறம் டிஃபரென்ஷியல் லாக். திருப்பத்தில் ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரென்ஷியல். சாதாரண டிஃபரென்ஷியல் ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற எவ்வளவு விசை போதுமோ அவ்வளவுதான் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். வண்டி நகராது. லாக்கரைப் போட்டால் இரண்டும் ஒரே தண்டாகச் சேர்ந்து சுற்றும். லாக்கர் இல்லாத வேரியண்ட்களில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் அந்த வேலையை ஓரளவு செய்கிறது. வீணாகச் சுற்றும் சக்கரத்தைப் பிரேக் போட்டுப் பிடித்து, விசையை எதிர்ப் பக்கம் போக வைக்கிறது. முன்பைவிட இந்த ஏற்பாடு மிகவும் தேறிவிட்டது, நான் மதிக்கிறேன். இருந்தாலும் சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். நீண்ட ஏற்றத்தில் பிரேக்கும் சூடாகும். லாக்கரை ஏற்றத்துக்கு முன்பே போட்டுவிடலாம். எல்லாருக்கும் லாக்கர் வேண்டுமா என்றால், வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறை காட்டு விடுதிக்குப் போகிற குடும்பத்துக்கு நல்ல டயரும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் போதும். லாக்கர் உள்ள வேரியண்ட்டை வாங்கினால் எப்போது அதை விடுவிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளுங்கள். தார்ச்சாலையில் அதைப் போட்டபடி திரும்பினால் ஸ்டீயரிங் முரண்டு பிடிக்கும், அச்சும் அடிவாங்கும்.

இனி சக்கரம். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். டயரில் 245/75ஆர்17 என்று எழுதியிருந்தால் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 17 அங்குலம். பக்கச்சுவர் 184 மில்லிமீட்டர் வரும். 275/55ஆர்20 என்றால் டயர் அகலமாகத் தெரியும், பக்கச்சுவரோ 151 மில்லிமீட்டர்தான். தடத்தில் இறங்கும்முன் காற்றைக் குறைக்கிறோம். 35 பிஎஸ்ஐ இருப்பதைக் கல்பாதைக்கு 20-க்கு அருகிலும், மணலுக்கு இன்னும் கீழேயும் கொண்டுவருவோம். டயர் நீளவாக்கில் பரந்து பிடிக்கும், கல்லை உள்வாங்கிக்கொள்ளும். பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் குறைக்க இடமே இருக்காது, கல் நேராக ரிம்மில் மோதும். அந்த மனிதருக்கு நடந்தது இதுதான்.

பிறகு சின்ன ரிம் மாட்டிக்கொள்ளலாமே என்று அவர் கேட்டார். நல்ல யோசனை, பல வண்டிகளில் நடக்கும். ஆனால் சில மேல் வேரியண்ட்களில் பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரும் பெரியவை, 17 அங்குல ரிம் உள்ளே நுழையாது. கையெழுத்துப் போடும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த வேரியண்ட்டில் மாட்டக்கூடிய மிகச் சிறிய ரிம் எது? ஸ்டெப்னி முழு அளவா? இரும்பு ரிம்மைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அலாய் பலமாக அடிபட்டால் விரிசல் விடக்கூடும், இரும்பு பெரும்பாலும் வளையும். வளைந்ததைத் தட்டி, மெதுவாக வீடு போய்ச் சேரலாம். இந்தியாவில் விற்ற ஐந்து கதவு சுசூகி ஜிம்னியின் ஸீட்டா வேரியண்ட்டில் இரும்பு ரிம், ஆல்ஃபாவில் அலாய், இரண்டுமே 15 அங்குலம். ஃபோர் வீல் டிரைவும் லோ ரேஞ்சும் இரண்டிலும் ஒன்றேதான். அப்படிப்பட்ட மாடலில் கீழ் வேரியண்ட்டை நிம்மதியாக வாங்கலாம்.

பளபளப்பான பக்கவாட்டுப் படி இன்னொரு தொல்லை. மேட்டின் உச்சியில் வயிறு தட்டும் கோணத்தை அது குறைக்கும், கல்லில் மோதினால் மடிந்து கதவைத் திறக்கவிடாது. பாறையைத் தாங்கவென்று சட்டத்தோடு பொருத்திய தண்டு வேறு பொருள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், குனிந்து எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். இழுவைக் கொக்கிகளையும் அப்போதே பாருங்கள். சில கீழ் வேரியண்ட்களில் முன்னால் கொக்கி இருக்காது. இருக்கும் சிறு வளையமும் கப்பலிலோ லாரியிலோ ஏற்றும்போது கட்டிவைப்பதற்கானதாக இருக்கலாம். தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்: சிக்கிய வண்டியை இழுக்கும் பட்டையை டிரெய்லர் மாட்டும் பந்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது உடைந்து பறந்து தாக்கியதில் உயிர்கள் போயிருக்கின்றன.

எடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வண்டி மொத்தமாகத் தாங்கும் எடையிலிருந்து அதன் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. கண்ணாடிக் கூரை, மின்சார இருக்கை, பெரிய சக்கரம் என்று ஒவ்வொன்றும் அந்த மிச்சத்தைத் தின்னும். 75 கிலோ வீதம் ஐந்து பேர் என்றால் 375 கிலோ. கூரைக் கூடாரம் 60, தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் அதைத் தாங்கும் பம்பரும் சேர்ந்து இன்னொரு 80 என்று வையுங்கள். 555 ஆகிவிட்டது, பை ஒன்றுகூட இன்னும் ஏற்றவில்லை. பல வண்டிகளில் இது வரம்பைத் தாண்டிவிடும். உபகரணம் மாட்டி நீண்ட பயணம் போவதுதான் உங்கள் கனவு என்றால், எடை குறைந்த கீழ் வேரியண்ட்டே பொருத்தமாக இருக்கலாம்.

பெயரைப் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள். டொயோட்டா 4ரன்னரின் ஐந்தாம் தலைமுறையில் டிஆர்டி ப்ரோ பெரிய பெயர். ஆனால் சஸ்பென்ஷனை மேடுபள்ளத்தில் தளர்த்திவிடும் கேடிஎஸ்எஸ் ஏற்பாடு அதற்குக் கீழேயிருந்த டிஆர்டி ஆஃப்ரோடில்தான் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது, ப்ரோவில் இல்லை. ஃபோர்டு 2021 ப்ராங்கோவில் 35 அங்குல டயர், முன்பின் லாக்கர் எல்லாம் அடங்கிய சாஸ்க்வாட்ச் தொகுப்பை அடிப்படை வேரியண்ட்டுக்கே விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. மறுபக்கம், ராங்லரின் சஹாராவைச் சொகுசு வேரியண்ட் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஜேஎல் தலைமுறையில் நான்கு சக்கரத்தையும் எப்போதும் இயங்கவிடும் டிரான்ஸ்ஃபர் கேஸை (விசையை முன்பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) அதற்குத் தெரிவாகத் தந்தார்கள். தேவைப்படும்போது மட்டும் போடும் சாதாரண பகுதிநேர ஃபோர் வீல் டிரைவை உலர்ந்த தார்ச்சாலையில் போடக்கூடாது. பனியும் மழையும் உலர்ந்த இடமும் மாறிமாறி வரும் சாலையில் தினமும் பிள்ளைகளை அழைத்துப் போகிறவருக்கு ரூபிகானின் சேற்று டயரைவிட அந்த சஹாரா பாதுகாப்பானது என்றுதான் சொல்வேன்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பக்கவாட்டு ஏர்பேக்கோ, வண்டி கட்டுப்பாடு இழந்து வழுக்குவதைத் தடுக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடோ இல்லாத வேரியண்ட்டை, லாக்கர் இருக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். இவை உயரமான வண்டிகள், ஈர்ப்பு மையம் மேலே இருக்கும், ஸ்டீயரிங்கைத் திடீரென்று ஒடித்தால் உருளும். பெரும்பாலானவர்களின் வண்டி ஓடும் தூரத்தில் பெரும்பகுதி சாலையில்தான்.

ஷோரூமுக்குப் போகும்போது ஒரு பழைய பாயை எடுத்துப் போங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே வேரியண்ட்டைக் காட்டச் சொல்லுங்கள், மேல் வேரியண்ட்டைக் காட்டி இதுவும் அதேதான் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாயை விரித்துப் படுத்து அடியில் பாருங்கள்: எது தாழ்வாகத் தொங்குகிறது, பெட்ரோல் டேங்கின் கீழ் தகடு இருக்கிறதா, கொக்கி சட்டத்தில் பிடித்திருக்கிறதா. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எடை ஸ்டிக்கரையும் டயரில் உள்ள எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, லோ ரேஞ்சுக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.