ஒழுகும் ஓட்டுக்கு மேல் தார்ப்பாய்

கன்னியாகுமரி கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதி. அதன் இணையதள ஓரத்தில் நீல வட்டத்துக்குள் கை விரித்து நிற்கும் மனிதன். மாற்றுத்திறனாளிகளுக்கான விட்ஜெட் அது. ஒரே ஒரு வரி நிரல் சேர்த்தால் தளம் எல்லாருக்கும் ஏற்றதாகிவிடும் என்று சொல்லி யாரோ விற்றிருக்கிறார்கள். வருடச் சந்தா வேறு.

நாகர்கோவிலில் எங்களுக்காகத் தளங்களைச் சோதித்துச் சொல்பவர் பார்வையற்ற, ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் பயன்படுத்துவது காசில்லாமல் கிடைக்கும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடர், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள். டேப் கீயைத் தட்டத் தட்ட அது "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எதற்கான பட்டன்? பெயரே இல்லை. தேதி தேர்வு செய்யும் கட்டத்துக்கு அவரால் போகவே முடியவில்லை. மவுஸுக்கு மட்டும் திறக்கும் வெறும் டிவ் அது; பார்வைக்குப் பட்டன் போல, நிரலில் வெறும் பெட்டி. விட்ஜெட்டோ 'வாசித்துக் காட்டவா' என்று கேட்டது. "வாசிக்க ஆள் ஏற்கெனவே கூட இருக்கே" என்று சிரித்தார்.

இப்படி ஒட்டுப்போடும் விட்ஜெட், பக்கம் திறந்த பிறகு யூகித்துத்தான் திருத்துகிறது. பட்டன் எதற்கு என்பது எழுதியவருக்கு அல்லவா தெரியும்? எந்தத் தளத்தையும் ஏஐ கொண்டு மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளுக்கு ஏற்றதாக்குவோம் என்று விளம்பரம் செய்த அக்செஸிபி நிறுவனத்தை, 2025-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான பெடரல் டிரேட் கமிஷன் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி மட்டும் வேலை செய்யும், சரி. கன்ட்ரோலும் பிளஸும் அழுத்தினால் பிரவுசரே அதைச் செய்துவிடுமே.

விடுதிக்காரரிடம், "இரண்டு மழையும் பெய்யும் ஊர் நம்முடையது. ஓடு உடைந்தால் தார்ப்பாய் எத்தனை நாள் தாங்கும் அண்ணே?" என்றேன். ஒத்துக்கொண்டார்.

டிவ்வை நிஜ பட்டனாக்கினோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் லேபிள் வைத்தோம். தமிழ்ப் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தது, அதைத் தமிழாக்கினோம்; இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைக் குழறும். வெளிறிய சாம்பல் எழுத்தை, பின்னணியோடு 4.5:1 ஒளி வேறுபாடு வரும்வரை கருமையாக்கினோம். விட்ஜெட்டைக் கழற்றினோம்.

அப்புறமும் சார் விடவில்லை. அறைப் படத்துக்கு 'சூரியோதயம் தெரியும் அழகிய அறை' என்று மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் வரி, எழுதியிருந்தேன். "சூரியன் இருக்கட்டும் மக்ளே, பாத்ரூமுக்கு எத்தனை படி?"

விடுதிக்குப் போன் போட்டுக் கேட்டேன். 'குளியலறை வாசலில் ஒரு படி, வலப்பக்கம் கைப்பிடி' என்று படத்துக்குக் கீழே எல்லாரும் பார்க்கும்படியே எழுதிவிட்டோம்.