என்பிஎஸ்-ல் எவ்வளவு கட்டலாம்? சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு

"சார், என்பிஎஸ்-ல ஒன்றரை லட்சத்துக்கு மேல கட்டக் கூடாதாமே?" கடை வைத்திருப்பவர்கள், தனியாக கிளினிக் நடத்தும் டாக்டர்கள் என்று பலரும் என்னிடம் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். தாராளமாகக் கட்டலாம். என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில், ஓய்வுக்காலத்துக்கான முதல் நிலைக் கணக்கில் (Tier I) போடும் பணத்துக்கு உச்சவரம்பே கிடையாது. வரிக் கழிவுக்குத்தான், அதாவது வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகைக்குத்தான் வரம்பு. பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) அப்படியில்லை. அங்கே போடும் பணத்துக்கே ஆண்டுக்கு 1.5 லட்சம்தான் வரம்பு. மைனர் பிள்ளை பெயரில் நீங்கள் போடுவதும் அதற்குள் அடக்கம். கூடுதலாகப் போட்டால் வட்டி வராது.

சரி, கழிவுக்கு வருவோம். பழைய வரி முறையில், சொந்தத் தொழில் செய்பவர் தன் மொத்த வருமானத்தில் 20 சதவீதம் வரை என்பிஎஸ்-க்குக் கழிவு கேட்கலாம். எல்ஐசி, பிபிஎஃப் போன்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 1.5 லட்சம் என்று ஒரு கழிவு வரம்பு உண்டு; அதற்குள் இதுவும் அடங்கும். அதற்கு வெளியே என்பிஎஸ்-க்குத் தனியாக 50,000 உண்டு.

இந்த 20 சதவீதத்தைப் பலர் வரவில் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு கட்டட இன்ஜினியருக்கு ஆண்டு வரவு 12 லட்சம், டாக்டர், இன்ஜினியர் போன்றோர் வரவில் ஒரு பங்கை லாபமாகக் காட்ட விடும் 44ஏடிஏ பிரிவில் பாதியை லாபமாகக் காட்டுகிறார், வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் பார்க்க வேண்டியது அந்த 6 லட்சத்தில்தான்: 1,20,000. தனி 50,000-ஐயும் சேர்த்தால் 1,70,000. அவர் 2 லட்சம் கட்டியிருந்தால் மீதி 30,000-க்குக் கழிவு இல்லை. அவருக்கு எல்ஐசி போன்ற வேறு சேமிப்பு இல்லையென்றால், 1.5 லட்சத்தில் இன்னும் 30,000-க்கு இடம் இருப்பதால், அதையே பிபிஎஃப்-ல் போட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

இவரே புதிய முறையில் இருந்தால் இந்தக் கணக்குக்கே வேலையில்லை. அங்கே நாமாகக் கட்டும் என்பிஎஸ் தொகைக்குக் கழிவு கிடையாது. 2025-26 முதல் 12 லட்சம் வரையிலான தொழில் வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரியும் இல்லை. எனக்குக் கவலை இங்கேதான். "வரி மிச்சமாகலைன்னா எதுக்குக் கட்டணும்?" என்று அறுபது வயதுக்கான சேமிப்பையே நிறுத்திவிடுகிறார்கள். சம்பளக்காரருக்கு பிஎஃப் மாதாமாதம் தானாகப் பிடித்தமாகிறது. நிறுவனம் அவருக்காக என்பிஎஸ்-ல் போடும் பங்குக்கு, புதிய முறையிலும் அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு. கடைக்காரருக்கு யார் போடுவது? இந்தப் பாகுபாட்டை அரசு சரிசெய்தே ஆக வேண்டும். அதுவரை கழிவைப் பார்க்காமல் கட்டுங்கள். மாதம் ஒரு தொகை வங்கியிலிருந்து தானாகப் போகட்டும். வியாபாரம் நன்றாக நடந்த மாதத்தில் கூடுதலாகப் போடுங்கள்.

கழிவுக்காகப் பழைய முறைக்குப் போக நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். முதலில் இரண்டு முறையிலும் வரியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய முறைக்குப் போக, தொழில் வருமானம் உள்ளவர்கள் ரிட்டர்ன் கெடுவுக்குள் 10-ஐஇஏ படிவம் கொடுக்க வேண்டும். சம்பளக்காரர் போல ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்க முடியாது. பழைய முறைக்குப் போய்விட்டுப் புதியதற்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும்வரை பழைய முறை மறுபடி கிடைக்காது.