குவாண்டம் புள்ளி பேனல் வரும்வரை கூரையைக் காலியாக வைக்கலாமா?

நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கம் வீட்டுக் கூரைகளில் சோலார் பொருத்துவது என் தொழில். 2023-இல் குவாண்டம் புள்ளி ஆய்வுக்கு வேதியியல் நோபல் கிடைத்த பிறகு, "அந்தப் புது பேனல் வரட்டும் தம்பி, அப்புறம் பாப்போம்" என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். வெளிச்சத்தைப் பிடிப்பதில் குவாண்டம் புள்ளிகள் கெட்டிதான். பிடித்ததை மின்சாரமாக வெளியே கொண்டுவருவதில்தான் சிக்கல்.

இவை சில நானோமீட்டர் அளவுள்ள படிகத் துகள்கள். ஈய சல்பைடில் செய்தவை பிரபலம். துகளின் அளவை மாற்றினாலே அது உறிஞ்சும் ஒளியும் மாறும். இன்றைய பேனல்களில் உள்ள சிலிக்கான் சுமார் 1,100 நானோமீட்டர் அலைநீளத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பு ஒளியையும் இவற்றால் பிடிக்க முடியும்.

ஒளி பட்டதும் துகளுக்குள் எதிர்மின்னூட்டமுள்ள எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலி இடமான, நேர்மின்னூட்டமுள்ள துளையும் ஜோடியாகப் பிறக்கின்றன. அந்த ஜோடியைப் பிரித்து, எலக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை மறுபக்கமும் அனுப்ப வேண்டும். எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு படலம் வைப்பார்கள். நம் மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் இல்மனைட் அந்த டைட்டானியத்தின் தாதுதான்.

ஆனால் அந்தப் படலம் வரை போய்ச் சேருவதே பெரும்பாடு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருக்க, தயாரிக்கும்போது ஓலியிக் அமிலம் அவற்றைச் சுற்றிப் போர்த்தியிருக்கும். அந்த நீண்ட கார்பன் சங்கிலி மின்சாரத்தைக் கடத்தாது. அதைக் களைந்துவிட்டு அயோடைடு போன்ற சிறிய அயனிகளை வைத்தால் துகள்கள் நெருங்கி வரும், எலக்ட்ரான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். களையும்போது மேற்பரப்பில் எங்காவது அணு விடுபட்டால் அந்த இடம் பொறியாகிவிடும். அங்கே சிக்கும் எலக்ட்ரான் மறுபடி துளையோடு சேர்ந்து வெப்பமாக வீணாகும். ரப்பர் பால் சிரட்டைக்கு வருமுன்னே வெட்டிலேயே ஒட்டுப்பாலாக உறைந்துபோவது போலத்தான். மரத்தில் பாலுக்குக் குறைவில்லை, சிரட்டையில்தான் விழவில்லை.

இதனால் தடிமனிலும் இழுபறி. ஒளியை முழுசாக உறிஞ்ச ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது 1,000 நானோமீட்டர், தடிமனுள்ள படலம் வேண்டும். மின்னூட்டமோ பெரும்பாலும் சில நூறு நானோமீட்டர் தூரத்துக்குள்ளேயே தொலைந்துவிடுகிறது. தடிமனைக் கூட்டினால் மின்னூட்டம் வந்து சேராது, குறைத்தால் ஒளி தப்பிவிடும்.

ஆராய்ச்சி நிற்கவில்லை. தென்கொரியாவின் யூனிஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் பெரோவ்ஸ்கைட் என்ற வேறொரு படிக வகைக் குவாண்டம் புள்ளிகளில் 18.1 சதவீதத் திறனைக் காட்டினார்கள். எனக்கு அது உண்மையிலேயே மகிழ்ச்சி தந்த செய்தி. ஆனால் அது ஆய்வகத்தில் செய்த சிறு செல். இன்று நான் பொருத்தும் சிலிக்கான் பேனல்களே 20 சதவீதத்தைத் தாண்டியவை.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு கவலையும் உண்டு. இங்கே தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், கடற்காற்று ஓயாது. ஈரமும் ஆக்சிஜனும் படப்பட புள்ளிகளின் மேற்பரப்பு கெட்டு, புதுப் பொறிகள் உருவாகும். ஈய சல்பைடு, பெரோவ்ஸ்கைட் இரண்டு வகையிலுமே பெரும்பாலும் ஈயம் இருப்பதால், உடைந்த பேனலைக் கண்ட இடத்தில் போடவும் முடியாது.

ஆகவே காத்திருக்க வேண்டாம் என்பேன். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் கூரை சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. யாராவது குவாண்டம் பேனல் என்று விற்க வந்தால் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தரச் சான்றும் 25 ஆண்டு மின் உற்பத்தி உத்தரவாதமும் கேளுங்கள். வீடு கடலோரம் என்றால் ஐ.இ.சி. 61701 உப்புக்காற்றுச் சோதனைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். சிலிக்கான் பேனல் வாங்கினாலும் இதே கேள்விகள்தான்.