செல் ஊருமா, புலம்பெயருமா?

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பைப் பிழைதிருத்தக் கொடுத்தார்கள். அதில் ஒரு வாக்கியம்: 'சுண்ணச் சமிக்ஞைகள் உயிரணுக்களின் புலம்பெயர்வை ஒழுங்குபடுத்துகின்றன.' சுண்ணம் என்று அவர் எழுதியது கால்சியத்தை, உயிரணு என்றது செல்லை. பெட்டி படுக்கையோடு விமான நிலைய வரிசையில் நிற்கும் செல்கள்தான் கண்முன் வந்தன. இந்த 'உயிரணுப் புலம்பெயர்வை' நான் பார்ப்பது முதல் தடவை இல்லை. பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

மூலச் சொல் செல் மைக்ரேஷன், உடலுக்குள் செல்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வது. லத்தீனில் 'மிக்ராரே' என்றால் இடம் மாறுவது, அவ்வளவுதான். பறவைக்கும் மனிதருக்கும் செல்லுக்கும் ஏன், கணினித் தரவுக்கும்கூட ஆங்கிலம் அந்த ஒன்றை வைத்தே காலம் தள்ளுகிறது. தமிழில் அந்தக் கஷ்டம் இல்லை. பறவை வலசை போகும், மனிதர் புலம்பெயர்வார்.

புலம் என்றால் நிலம், நாடு. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து கலந்து வாழ்ந்த வேற்றுமொழிக்காரர்களைப் பட்டினப்பாலை 'புலம்பெயர் மாக்கள்' என்கிறது. இன்றைக்குப் 'புலம்பெயர் தமிழர்' என்றால் டொராண்டோவும் லண்டனும் பாரிஸும் நினைவுக்கு வரும். விட்டுவந்த வீடும் திரும்ப முடியாத ஏக்கமும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். விரலில் கத்தி பட்டால் காயத்தின் ஓரத்திலிருந்து தோல் செல்கள் நகர்ந்து வந்து இடைவெளியை மூடுகின்றன. அவை எந்த நாட்டை விட்டு வந்தன? 'இடப்பெயர்ச்சி' என்று போடலாமே என்பார்கள். அதை இயற்பியல் பாடநூல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்தச் சொற்களெல்லாம் செல் எங்கிருந்து எங்கே போனது என்பதை மட்டும் சொல்கின்றன. எப்படிப் போனது என்பதைச் சொல்வதில்லை. இந்தத் துறையில் கேள்வியே அந்த 'எப்படி'தான். செல் முன்பக்கத்தை மெல்லிய தகடாக நீட்டுகிறது, தரையைப் பற்றுகிறது, உடலைச் சுருக்குகிறது, பின்பக்கப் பிடியை விடுகிறது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் அட்டையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அட்டை என்ன செய்கிறது? ஊர்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இந்தச் சொல் எப்படித் தோன்றாமல் போயிற்று? வேகமும் பொருந்துகிறது. மீன் செதிலிலிருந்து எடுக்கும் கெரட்டோசைட் செல், இந்த வகையில் ஓட்டக்காரன் என்று பெயர் வாங்கியது, நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து மைக்ரோமீட்டர்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்) போகிறது.

கால்சியம் இந்தக் கதையில் நுழைந்ததும் 'புலம்பெயர்வு' முற்றிலும் சாய்ந்துவிடுகிறது. சும்மா இருக்கும் செல்லின் உள்ளே எதோடும் ஒட்டாமல் திரியும் கால்சியத்தின் செறிவு சுமார் 100 நானோமோலார், மிக மிகக் குறைவு. வெளியே அதைப்போலப் பத்தாயிரம் மடங்கு. அதனால் சவ்வில் ஒரு கால்வாய் கண நேரம் திறந்தாலே உள்ளே அது பெரிய செய்தி. நியூட் என்ற நீர்வாழ் பிராணியின் வெள்ளையணுக்கள் ஊரும்போது பின்பக்கத்தில் கால்சியம் கூடுதலாகவும் முன்பக்கத்தில் குறைவாகவும் இருப்பதை 1991-இல் காட்டினார்கள். காரணம் விளங்குகிறது. கால்சியம் கால்மோடுலின் புரதத்தோடு சேர்ந்து, செல்லைச் சுருக்கும் மையோசின் புரதத்தை இழுக்கவைக்கும் நொதியை எழுப்புகிறது. கால்பெய்ன் என்ற இன்னொரு நொதி தரைப்பிடியில் உள்ள டாலின் புரதத்தை வெட்டிவிடுகிறது. வால் சுருங்கி விடுபடுகிறது. அப்படியானால் முன்பக்கத்தில் கால்சியத்துக்கு வேலை இல்லையா? 2009-இல் பீக்கிங் பல்கலைக்கழகக் குழு ஒன்று மனித நுரையீரல் நார்ச்செல்களின் முன்பக்கத்தில் நொடிப்பொழுது மின்னி மறையும் கால்சிய மினுக்கங்களைப் பார்த்தது. செல் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் மினுக்கம் அதிகம். பின்னால் துடுப்பு, முன்னால் சுக்கான்.

இப்போது 'புலம்பெயரும் உயிரணுவின் பின்பக்கம்' என்று எழுதிப் பாருங்கள். புலம்பெயர்வதற்கு ஏது முன்பக்கம், பின்பக்கம்? 'ஊரும் செல்லின் பின்பக்கம்' என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் படம் தெரியும்.

ஊர்வன என்றால் பாம்பும் பல்லியும் ஆயிற்றே, மாணவர் குழம்பமாட்டாரா என்று ஒரு நண்பர் கேட்டார். தேங்காய்க்குக் கண் என்கிறோம், யாரும் கண் மருத்துவரிடம் கொண்டுபோவதில்லை. அவருடைய இன்னொரு கேள்வியில் நியாயம் இருந்தது. கருவில் நரம்பு முகட்டுச் செல்கள் முதுகுப்பக்கத்திலிருந்து கிளம்பி முகத்துக்கும் தோலுக்கும் குடலுக்கும் போய்க் குடியேறுகின்றனவே, அது? சரி, அந்த நெடும்பயணத்தை வேண்டுமானால் 'பெயர்ச்சி' என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கேயும் 'புலம்' வேண்டாம், அந்தப் பயணத்திலும் ஒவ்வொரு செல்லும் ஊர்ந்துதான் போகிறது.

அப்புறம் அந்தச் 'சுண்ணம்'. லத்தீனில் கால்க்ஸ் என்றால் சுண்ணாம்பு. 1808-இல் ஹம்ப்ரி டேவி தனிமத்தைப் பிரித்தெடுத்து அதிலிருந்து பெயர் வைத்தார். அதனால் கால்சியத்தைச் சுண்ணம் ஆக்கிய மொழிபெயர்ப்பாளர், அது தூய தமிழ் என்று நினைத்துவிட்டார். பாலியில் 'சுண்ண', வடமொழியில் 'சூர்ண', பொடி என்று பொருள். லத்தீனை விரட்டிவிட்டு வடமொழிக்கு நாற்காலி போட்டிருக்கிறார், அதுவும் அடுத்த நாற்காலியில் 'சம்ஞா'விலிருந்து வந்த சமிக்ஞையையே உட்காரவைத்துக்கொண்டு! எனக்கு வடமொழியோடு சண்டை இல்லை. ஆனால் சுண்ணம் என்றால் வெற்றிலைப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. மாத்திரை அட்டையில்கூடக் கால்சியம் என்றுதான் போட்டிருக்கிறது. சமிக்ஞைக்குச் 'சைகை' போதும். 'குறிப்பு' இன்னும் அழகு, ஆனால் அதை இப்போது சமையல்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 'உயிரணு' என்றாலோ குழந்தைப்பேறு விளம்பரம்தான் கண்ணில் நிற்கிறது. செல் என்றே இருக்கட்டும். இலங்கைப் பாடநூல் வழியில் கலம் என்றாலும் சம்மதம்.

'செல்கள் ஊர்வதைக் கால்சியம் சைகைகள் ஒழுங்குபடுத்துகின்றன' என்று திருத்தி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அச்சுப் பிரதி வந்தது. 'உயிரணுக்கள் ஊர்ந்து புலம்பெயர்கின்றன' என்று இருந்தது.