இம்யூனிட்டி: ‘தண்டனை விலக்கு’ அல்ல, விடுபாட்டுரிமை

ஒரு நாட்டுத் தலைவர் மீது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தால் போதும், ‘அவருக்குத் தண்டனை விலக்கு உண்டா?’ என்ற கேள்வி தமிழில் கிளம்பிவிடும். 2009இல் சூடானின் ஓமர் அல் பஷீர், 2023இல் புதின், 2024இல் நெதன்யாகு, யாராக இருந்தாலும் ஆங்கிலத்தின் ‘இம்யூனிட்டி’க்கு (immunity) இதே சொல்தான். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வழக்கே தொடங்கவில்லை, அதற்குள் தண்டனை எங்கிருந்து வந்தது?

‘இம்யூனிட்டி’ என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலத்தீனில் ‘மூனுஸ்’ என்றால் ஊருக்கு ஆற்ற வேண்டிய கடமை, செலுத்த வேண்டிய வரி. அந்தச் சுமை இல்லாதவர் ‘இம்மூனிஸ்’. நம் கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’ ஏறக்குறைய இதே கட்டுமானம்தான்: இறை என்ற வரி இல்லாத நிலம். மருத்துவத்துக்கு இந்தச் சொல் போனது வெகு காலம் கழித்து. பொறி மொழிபெயர்ப்புக்கு அந்தப் பொருள் மட்டும்தான் தெரியும்போல. ‘அதிபரின் நோய் எதிர்ப்புச் சக்தி’ என்று துப்பிவிடுகிறது. அதையும் பார்க்காமல் பதிப்பிக்கிறவர்களை என்ன சொல்ல!

சட்டத்தில் இதன் பொருள் என்ன? அரசுகள் ஒன்றுக்கொன்று சமம். ஆகவே ஒரு நாட்டின் தலைவரையோ வெளியுறவு அமைச்சரையோ இன்னொரு நாட்டின் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அவ்வளவுதான். அவர் குற்றம் செய்தாரா என்ற கேள்விக்குள் இந்த விதி போவதே இல்லை. பதவியில் இருக்கும்வரை இந்தத் தடை முழுமையானது. பதவி போனபின், அரசின் பேரில் செய்த செயல்களுக்கு மட்டும் மிஞ்சும்.

‘தண்டனை விலக்கு’ எவ்வளவு தவறு என்று பார்க்க, காங்கோவின் வெளியுறவு அமைச்சராக இருந்த யெரோடியா வழக்கை எடுத்துக்கொள்வோம். அவருக்கு எதிராக பெல்ஜியம் 2000இல் பிடியாணை பிறப்பித்தது. 2002இல், நாடுகளுக்கிடையேயான வழக்குகளை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆனால் அதே தீர்ப்பில், இம்யூனிட்டி இருப்பதால் இம்ப்யூனிட்டி (impunity, குற்றம் செய்தும் தண்டனை இல்லாமல் தப்புவது) கிடைத்துவிடாது என்றும் சொன்னது. சொந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம், அவரது அரசே இம்யூனிட்டியைக் கைவிடலாம், அதிகாரம் பெற்ற பன்னாட்டு நீதிமன்றமும் விசாரிக்கலாம். இப்போது இரண்டு சொல்லுக்கும் ‘தண்டனை விலக்கு’ என்று போட்டு அந்த வரியை மொழிபெயர்த்துப் பாருங்கள். ‘தண்டனை விலக்கு இருந்தால் தண்டனை விலக்கு கிடைத்துவிடாது.’ நீதிபதிகளைப் பைத்தியக்காரர்கள் ஆக்கிவிட்டோம்.

பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டத்தின் 27ஆவது பிரிவிலும் இதே கூத்துதான். அதன் முதல் உட்பிரிவு, பதவியைக் காட்டி ஒருவர் குற்றப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது, தண்டனையையும் குறைத்துக்கொள்ள முடியாது என்கிறது. இரண்டாவது, பதவியோடு ஒட்டிவரும் இம்யூனிட்டி இந்த நீதிமன்றத்தின் விசாரணை அதிகாரத்தைத் தடுக்காது என்கிறது. முதலாவது குற்றத்தைப் பற்றியது, இரண்டாவது விசாரணையைப் பற்றியது. இரண்டாவதிலும் ‘தண்டனை விலக்கு’ என்று எழுதினால் முதலாவதையே திரும்பச் சொன்னதுபோல ஆகிவிடும். சட்டம் எழுதியவர்கள் வேலையில்லாமலா இரண்டாகப் பிரித்தார்கள்?

இம்யூனிட்டியும் இம்ப்யூனிட்டியும் வேறு வேறு என்பதற்கு பினோசெட் கதையே போதும். சிலியின் முன்னாள் அதிபர் 1998 அக்டோபரில் லண்டனில் கைதானார். சித்திரவதைக் குற்றங்களுக்கு அவருக்கு இம்யூனிட்டி இல்லை என்று அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1999 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதிலும் 1988 டிசம்பர் 8க்குப் பிந்தையவற்றுக்கு மட்டும்தான். அப்புறம்? உடல்நலத்தைக் காரணம் காட்டி 2000இல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 2006இல் இறக்கும்வரை எந்த நீதிமன்றமும் அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை. இம்யூனிட்டி போனது, இம்ப்யூனிட்டி நிலைத்தது. இதை ‘தண்டனை விலக்கு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

‘சட்டப் பாதுகாப்பு’ என்பதும் உதவாது. சித்திரவதைக்கு ஆளானவருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டே! சிலர் தூய தமிழ் என்று ‘காப்புரிமை’யைப் பிடித்துக்கொள்கிறார்கள். படித்தால் ஏதோ புத்தகம், கண்டுபிடிப்பு சமாச்சாரம் என்றுதான் தோன்றும். தமிழ் வேர் இருந்தால் மட்டும் ஒரு சொல் சரியாகிவிடுமா?

இலங்கைத் தமிழ்ச் சட்ட வழக்கில் ‘விடுபாட்டுரிமை’ ஏற்கெனவே புழங்குகிறது. எனக்கு அதுதான் பிடிக்கிறது. எதிலிருந்து விடுபாடு என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: வழக்கிலிருந்து, கைதிலிருந்து. பதவியில் இருக்கும்வரை உள்ளது, பதவி போனபின் மிஞ்சுவது என்ற இருவகைகளையும் ‘பதவிக்கால விடுபாட்டுரிமை’, ‘பதவிச்செயல் விடுபாட்டுரிமை’ என்று பிரித்துவிடலாம். ‘உரிமை’ என்ற வால் மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது, ஏனென்றால் இது அந்த ஆளுக்குச் சொந்தமானதல்ல, அவருடைய அரசுக்குச் சொந்தம். சரி, புழக்கத்தில் இருக்கும் சொல்லை அதற்காக உதறத் தேவையில்லை. ‘விலக்குரிமை’யும் தவறில்லை, ‘தண்டனை’யை அதன் தலையில் கட்டாமல் இருந்தால் சரி.

இம்ப்யூனிட்டிக்குத்தான் தண்டனை வர வேண்டும். அதன் இலத்தீன் வேரே தண்டனைதான். ‘தண்டனையின்மை’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். அதிலும் ‘தண்டனை விலக்கீட்டுச் சிறப்புரிமை’ என்று அறிக்கைகளில் எழுதுகிறார்கள். கொலை செய்துவிட்டு மாட்டாமல் திரிவது எப்போது சிறப்புரிமை ஆனது?

இன்னொன்று. ஓர் அரசு தன் அதிகாரியின் விடுபாட்டுரிமையைக் கைவிட்டால், அதை ‘தள்ளுபடி செய்தது’ என்று எழுதுகிறார்கள். தள்ளுபடி ஆவது மனுவும் கடனும். உரிமையைக் கைவிடலாம், விட்டுக்கொடுக்கலாம், துறக்கலாம். மூன்று வினைகள் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர் கை ஏன் அந்த நான்காவதற்கே போகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.